ஸ்டோம் வோட்டர்: மழை ஓடுநீர்

கொழும்பில் வீட்டுத் தோட்டம் அமைப்பவர்கள், புல் பதிப்பவர்கள், இன்டர்லொக் கல் பதிப்பவர்கள் எல்லோர் வாயிலும் அன்றாடம் வரும் சொல் ஸ்டோம் வோட்டர். “ஸ்டோம் வோட்டர் லைன் எங்க போகுது?” என்று இன்ஜினியர் கேட்பார். “ரோட்டுக் கானுக்கு விட்டிருக்கு சேர்” என்று மேசன் பாஸ் சொல்வார். பேச்சு அதோடு முடிந்துவிடும். அதையே ஒப்பந்தத்திலோ அறிவித்தல் பலகையிலோ பயிற்சிக் குறிப்பிலோ தமிழில் எழுத வேண்டி வந்தால்தான் சிக்கல். ஒருவர் புயல்நீர் என்கிறார், இன்னொருவர் மழைநீர் என்கிறார், மூன்றாமவர் வெள்ளநீர் என்கிறார், கழிவுநீர் என்று எழுதுபவரும் உண்டு. நான்கும் நான்கு வேறு பொருள். தவறான சொல்லை எழுதினால் தண்ணீர் தவறான குழாய்க்குப் போகும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் பொருள். வானத்திலிருந்து விழும் மழைக்கு இந்தப் பெயர் இல்லை. கூரைப் பீலி வழியாகத் தாங்கியில் பிடித்த நீருக்கும் இல்லை; மண்ணுக்குள் இறங்கிவிட்ட நீருக்கும் இல்லை. கூரையிலும் முற்றத்திலும் வாகனத் தரிப்பிடத்திலும் வீதியிலும் விழுந்து, இறங்க இடமின்றி நிலத்தின் மேலே ஓடத் தொடங்கும் மழைதான் ஸ்டோம் வோட்டர். ஓடுகிற வழியிலுள்ள தூசி, எண்ணெய், உரம், நாய்க்கழிவு, பொலித்தீன் எல்லாவற்றையும் அது கூட்டிக்கொண்டு போகும்.

ஸ்டோம் என்பது பழைய ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல். கலங்குதல், சுழலுதல் என்ற கருத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். பேச்சு ஆங்கிலத்தில் அது காற்றும் மழையும் சேர்ந்த கொந்தளிப்பைக் குறிக்கும். ஆனால் நீரியல் பொறியியலில் அதற்குத் தனிப்பொருள் உண்டு: தொடங்கி முடியும் ஒரு மழை. காற்று அசையாவிட்டாலும் அது ஸ்டோம்தான். வீதியோர நீர்வழியான கான் ஒன்றின் அகலத்தைக் கணக்கிடும்போது, பத்தாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க மழை, ஐம்பதாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க மழை என்று வைத்துப் பார்ப்பார்கள். அங்கும் இதே சொல்தான்.

இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்தது புயல்நீர். புயல் நல்ல தமிழ்ச்சொல். பழந்தமிழில் அதற்கு மேகம், மழை என்றே பொருள். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் “புயல்என்னும் வாரி” என்று வருவது மழையைத்தான். அந்தப் பொருளில் நின்றால் புயல்நீர் அழகாகவே பொருந்தியிருக்கும். இன்று அப்படி யாரும் படிப்பதில்லை. புயல் என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி போன்ற ஒன்று. கொழும்பின் ஒழுங்கைகளில் தேங்கும் தண்ணீரில் பெரும்பங்கு சூறாவளியால் வருவதே இல்லை. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் இடைப்பருவ மழையும் கொண்டுவருவது அது. 2010 நவம்பர் 10ஆம் திகதி இரவு தொடங்கிய ஒரே மழையில் 400 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டி, தியவன்னா ஏரி நடுவே இருக்கும் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. புயல்நீர் என்று எழுதிவிட்டால், படிக்கும் தொழிலாளி அதை எப்போதோ வரும் பேரிடர் என்று எடுத்துக்கொள்வார். நாளைக்குப் பின்னேரம் பெய்யப்போகும் மழைக்கும் தன் வேலைக்கும் தொடர்பில்லை என்று நினைப்பார். ஆகவே இந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

வெள்ளம் அடுத்தது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் மழைக்கு முற்றத்தில் கணுக்கால் அளவு நின்றாலும் “வெள்ளம் நிக்குது” என்பார்கள். நகரத்து மழைநீர் போகும் பெரிய கானுக்கு அங்கே வெள்ளவாய்க்கால் என்றே பெயர். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும், அங்கே அது உயிரோடு வாழ்கிறது. கொழும்பில் நிலைமை வேறு. இங்கே வெள்ளம் என்றால் களனி கங்கை கரை மீறி 2016 மே மாதத்தில் கொலன்னாவையையும் கடுவெலையையும் மூழ்கடித்தது போன்ற ஒன்று. ஆற்று வெள்ளத்தைத் தோட்டக்காரரால் தடுக்க முடியாது. ஆனால் ஒரு வளவிலிருந்து ஓடும் நீரைப் பாதியாகக் குறைக்க அவரால் முடியும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்த வேறுபாடு மறைந்துபோகும். (வெள்ளவத்தையில் இருப்பவர்கள் சிலர் தங்கள் ஊர்ப் பெயரில் வெள்ளம் இருப்பதாக நினைக்கிறார்கள். அது சிங்களத்தின் வெல்ல, வத்த: மணல், தோட்டம். மணற்தோட்டம் என்ற அந்தப் பெயர் தோட்டத் தொழிலுக்கு நல்ல குறிப்பு. கடற்கரையோர மணல் நீரை விரைவாக உறிஞ்சும். அதன் மேல் சீமெந்து பூசுவதுதான் பிழை.)

எல்லாவற்றிலும் ஆபத்தானது கழிவுநீர். குளியலறை, மலசலகூடம், சமையலறைத் தொட்டி ஆகியவற்றிலிருந்து போவதுதான் கழிவுநீர். கொழும்பு நகரத்தில் அதற்குத் தனிக் குழாய் வலையமைப்பு இருக்கிறது. மழை ஓடும் கான் முற்றிலும் வேறு. அதில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் வெள்ளவத்தைக் கால்வாய்க்கோ, தெகிவளைக் கால்வாய்க்கோ, பேரை ஏரிக்கோ, நேரே கடலுக்கோ போகிறது. பேரை ஏரி பச்சை நிறமாகி நாறுவதற்குக் காரணமான போசணைப் பொருள்களில் ஒரு பங்கு கான்கள் வழியாகத்தான் அங்கே சேர்கிறது. மழைக்கு முதல்நாள் புற்றரையில் யூரியா தூவுவது, வெட்டிய புல்லைக் கானுக்குள் தள்ளிவிடுவது எல்லாம் அந்த ஏரியில் போய்த்தான் முடியும். கானில் ஓடுவது கழிவுநீர் என்று ஒருவர் நம்பிவிட்டால், அது ஏற்கெனவே அழுக்கு, இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன என்ற எண்ணம் தானாக வரும்.

இந்தக் குழப்பத்தில் அலுவலகத் தமிழுக்கும் பங்குண்டு. குழாய்நீர் தரும் நிறுவனத்தின் பெயர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. அந்தப் பெயரிலுள்ள வடிகாலமைப்பு பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய்களையே குறிக்கிறது. வீதியோரக் கான்கள் மாநகர சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு, பெருந்தெருவாக இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. பெரிய கால்வாய்களைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் பார்க்கிறது. தமிழ்நாட்டுச் செய்திகளிலோ வடிகால் என்றால் மழைநீர் வடிகால்தான். ஆகவே இலங்கையில் வடிகால் என்று மட்டும் எழுதாமல், மழை என்ற சொல்லை முன்னால் வைப்பது அவசியம்.

வடிகால் என்ற சொல்லை ஒதுக்கவும் மனம் வரவில்லை. அதன் வேர் அவ்வளவு வளமானது. வடி என்பதற்கு இறங்கி ஓடுதல் என்று ஒரு பொருள். பிழிந்து, வடிகட்டிப் பிரித்தல் என்று இன்னொரு பொருள். சோற்றைக் கஞ்சி வடிக்கும் அதே வடி. கால் என்பது வாய்க்காலில் உள்ள கால், நீர்வழி. ஆங்கிலத்தின் டிரெயின் என்ற சொல்லின் பழைய வடிவத்துக்கும் வடிகட்டுதல் என்றே பொருள். உலர்தல் என்ற சொல்லோடு அதற்கு உறவும் உண்டு. இரு மொழிகளிலும் முதலில் இருந்த வடிகட்டும் கருத்து மங்கி, விரைவாக வெளியேற்றும் கருத்து மட்டும் நின்றுவிட்டது. இன்று உலகெங்கும் நகரத் தோட்டக்கலையில் கற்பிக்கப்படுவது அந்தப் பழைய பொருளைத்தான்: நீரை வளவிலேயே மெதுவாக்கி, மண்ணாலும் வேராலும் வடித்து, மிஞ்சியதை மட்டும் கானுக்கு விடு.

கான் இன்னொரு நல்ல சொல். சிங்களத்தின் காணுவ என்பதைப் போர்த்துக்கேயரின் கானோ, அதாவது குழாய், நீர்வழி, என்ற சொல்லிலிருந்து வந்ததாகக் கொள்வர். நம் கானும் அதோடு ஒட்டிய சொல்தான். வந்தேறு சொல் என்று இதைத் தள்ள வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் கான் என்றால் குழந்தைக்கும் தெரியும். அறிவித்தல் எழுதுகிறவர் வடிகாலைவிடக் கானையே எழுதட்டும்.

ஓடும் நீருக்கு என்ன பெயர்? என் தேர்வு மழை ஓடுநீர். மழையால் வந்தது என்பதும், ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் இரண்டு சொல்லில் தெளிவாகிவிடும். “நெல்லுக்கு இறைத்தநீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்” என்று மூதுரையைச் சிறுவயதில் மனனம் செய்தோமே, அந்த வரிகளிலேயே இந்தத் தொழிலின் இரு முனைகளும் இருக்கின்றன: ஓடுதல், பொசிதல். ஓட்டத்தைக் குறைத்துப் பொசிவைக் கூட்டுவதே தோட்டம் அமைப்பவரின் வேலை. பாடநூல்களில் ஊடுவடிதல் என்றும் எழுதுவார்கள், அதுவும் சரியே. பாஸிடம் பேசும்போது பொசிவு எளிது.

அளவுகளையும் தமிழில் சொல்லிப் பழக வேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 10 பேர்ச் காணி ஏறக்குறைய 253 சதுர மீற்றர். 50 மில்லிமீற்றர் மழை கொழும்புக்குப் புதிதல்ல. அந்த ஒரு மழையில் அந்தக் காணியில் விழுவது 12,600 லீற்றருக்கு மேல். வளவு முழுக்கக் கொங்கிரீட்டும் இறுக்கமான இன்டர்லொக்கும் என்றால் அதில் பெரும்பகுதி கால்மணி, அரைமணி நேரத்துக்குள் கானில் விழும். ஒழுங்கையில் இருபது வீடு அப்படிச் செய்தால் ஆமர் வீதியில் முழங்காலளவு தண்ணீர் நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இதற்கான கருவிகளுக்கும் பெயர் வேண்டும். நீரை நிலத்துக்குள் இறக்கும் கல் நிரப்பிய குழியைக் கொழும்பில் சோக்கேஜ் பிட் என்கிறார்கள். தமிழ்நாட்டில் உறிஞ்சுகுழி நன்றாகப் பழகிவிட்டது, நாமும் எடுத்துக்கொள்ளலாம். புல் முளைத்த ஆழமில்லாத ஓடைக்குப் புல்வாய்க்கால். ரெயின் கார்டன் என்பதைச் சிலர் மழைத்தோட்டம் என்கிறார்கள். அது மழையை நம்பிய தோட்டம் என்று கேட்கிறது. தரையைவிட ஒரு சாண் அளவு தாழ்த்தி, மணல் கலந்த மண்ணிட்டு, ஓடுநீரை வாங்கிப் பொசியவிடும் பாத்தி அது. தாழ்பாத்தி என்று சொன்னால் எப்படி வெட்ட வேண்டும் என்பதும் பெயரிலேயே வந்துவிடும். ஈரத்தையும் இடையில் வரும் வரட்சியையும் தாங்கும் வெட்டிவேர், கல்வாழை, கோரை அதற்கு ஏற்றவை.

தாழ்பாத்தி என்றதும் வீட்டுக்காரர் முதலில் கேட்பது நுளம்பைப் பற்றித்தான். கேட்க வேண்டிய கேள்வி. 2017இல் இலங்கையில் 1,80,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்டது. முட்டையிலிருந்து நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வேண்டும். சரியாக அமைத்த பாத்தியில் நீர் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அது தாழ்பாத்தி அல்ல, குட்டை. மண்ணை மாற்றித் திரும்பச் செய்ய வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒரு முழ ஆழக் குழியில் நீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பார்ப்பது கட்டாயம்.

எல்லா இடத்திலும் பொசிவு நடக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கபொக் எனும் செம்புரைக்கல் மண் மேடுகளிலும் கரையோர மணலிலும் உறிஞ்சுகுழி நன்றாக வேலை செய்யும். கொலன்னாவை, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைப் பக்கத்துத் தாழ்நிலங்களில் சேற்றுக்கும் பாதி மக்கிய தாவரப் படிவான முற்றா நிலக்கரிக்கும் மேலே மண் நிரப்பிக் கட்டியிருக்கிறார்கள். நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் நிற்கும். அங்கே குழி வெட்டினால் கீழிருந்துதான் நீர் வரும். அத்தகைய வளவில் நீரைத் தாங்கியில் பிடிப்பதும், தரையை மூடாமல் விடுவதுமே வழி. 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. பெத்தகானை போன்ற எஞ்சிய சதுப்புகள்தான் இன்றும் நகரத்து ஓடுநீரை வாங்கித் தேக்குகின்றன. அவற்றை நிரப்பிப் புல் பதிக்கும் வேலை வந்தால் ஏற்காமல் விடுவது நல்லது.

மழைநீர் என்ற சொல் பிடித்து வைக்கும் நீருக்கே இருக்கட்டும். 2005இல் இலங்கை மழைநீர் சேகரிப்புக்குத் தேசியக் கொள்கை வகுத்தது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதற்காகத் திருத்தப்பட்டது. 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். முதலில் வரும் அழுக்கு நீரை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிடித்தால், ஜனவரி, பெப்ரவரி வெயிலில் மலேசியன் புல்லுக்கு லபுகமை, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தோ அம்பத்தலையிலிருந்தோ சுத்திகரித்து வரும் குடிநீரைப் பாய்ச்சும் தேவை குறையும்.

ஆக, வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் எழுதும்போது: பீலியில் வந்து தாங்கிக்குள் போவது மழைநீர், தாங்கி நிரம்பி வழிவதும் முற்றத்தில் ஓடுவதும் மழை ஓடுநீர், அது முதலில் சேருவது தாழ்பாத்திக்கு, பிறகு உறிஞ்சுகுழிக்கு, மிஞ்சியது போவது மழை ஓடுநீர்க் கானுக்கு. கழிவுநீர்க் குழாயை வேறு நிறக் கோட்டில் வரைந்து, இரண்டும் எங்கும் சந்திக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.