மதிப்பெண்ணைப் பார்த்துத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள்

மறுபடியும் ஓர் இடுப்பெலும்பு முறிவு. எழுபதைக் கடந்த மூதாட்டி, நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து தள்ளாடி விழுந்திருக்கிறார். சில வாரங்களாகத் தூக்கத்துக்காக அல்பிரசோலம் மாத்திரை சாப்பிடுகிறார். ஏன் என்று கேட்டால், கைபேசியில் வந்த தமிழ்ப் படிவத்தில் மகன் நிரப்பிய 16 மதிப்பெண்ணைக் காட்டுகிறார்கள். முதியோர் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தக் கதை அலுத்துவிட்டது.

அந்தப் படிவம் 'தூக்கமின்மைத் தீவிரக் குறியீடு'. கனடா உளவியலாளர் சார்ல்ஸ் மொரின் உருவாக்கிய நல்ல கருவி. 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 28. 15-ஐத் தொட்டால் மிதமான தூக்கமின்மை என்று கணக்கு. கேள்விகளைத் தமிழாக்கிவிட்டால் இந்த 15-ம் அப்படியே பொருந்தும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பொருந்தும் என்று யார் சோதித்தது? இரவு 8 மணிக்குத் தூங்கி 3 மணிக்கு விழிப்பவர், 'சீக்கிரம் விழித்துவிடுகிறீர்களா' என்ற கேள்விக்கு 4 போடுவார். ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறாரே! மூட்டுவலி, புராஸ்டேட் வீக்கம், மாலையில் விழுங்கும் நீர் மாத்திரை என எது எழுப்பினாலும் மதிப்பெண் ஏறும். நம் முதியவர்களிடமே படிவத்தைக் கொடுத்து, அந்த மதிப்பெண்ணை அறியாத மருத்துவர் ஒருவர் அவர்களைத் தனியே பரிசோதித்து, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்றும் கேட்க வேண்டும்.

ஆய்வு செய்யும் மாணவர்களே, கிரான்பாக் ஆல்ஃபா என்ற புள்ளியியல் அளவு 0.8 வந்த மகிழ்ச்சியில் ஆய்வேட்டை மூடிவிடாதீர்கள். கேள்விகள் தமக்குள் ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அது காட்டும். அவை அளப்பது தூக்கமின்மையையா, மனச்சோர்வையா என்று அதற்குத் தெரியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: அம்மாவுக்காக நீங்கள் படிவத்தை நிரப்பாதீர்கள். அவர் சொல்லட்டும். மறதி அதிகமிருந்தால் மதிப்பெண்ணை நம்பவே வேண்டாம். குறட்டை, கால் குடைச்சல், பகல் தூக்கம், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்கள் ஆகியவற்றை எழுதி எடுத்து வாருங்கள். படிவத்தைவிட அவை எனக்குப் பயன்படும். அல்பிரசோலம், குளோனசிபாம் வகை மாத்திரைகளை 65 வயதைக் கடந்தவர்களுக்குத் தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் சொல்கிறது. கீழே விழுவதும் மனக்குழப்பமும் முக்கியக் காரணங்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம், தயவுசெய்து. திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள்.