லேபிளை விடுங்கள், உள்வட்டத்தைப் பாருங்கள்

கீழக்கரையில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காக்கா (அண்ணன்) ஒருவர் வீட்டில் மூன்று டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டும் கேசட்டும் கிடக்கின்றன. பாதி அவருடைய வாப்பா வாங்கியது. கல்யாணம், கந்தூரி, முளைப்பாரி என்று ஊர் ஊராகப் பாடி ஓய்ந்தவை. அவற்றுக்கு ஒரு பட்டியல் போடலாமே என்று உட்கார்ந்தேன். பாட்டு, பாடியவர், கம்பெனி, வருஷம் என்று நாலு கட்டம் போட்ட நோட்டு போதும் என்ற நினைப்பு. பத்தாவது தட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகள் இரண்டு. ஒரே பாட்டு, ஒரே பாடகர், லேபிளில் ஒரே எண். ஆனால் ஒன்றில் மட்டும் நடுவில் கூடுதலாக ஒரு ஆர்மோனிய இழுப்பு. இதை ஒன்று என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா?

நாம் 'பாட்டு' என்று சொல்வதற்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. எழுதி மெட்டுப் போட்டது பாட்டு, அதை ஒருநாள் மைக் முன்னால் பாடிப் பிடித்தது பதிவு, அந்தப் பதிவு தட்டாகவோ கேசட்டாகவோ கடைக்கு வந்தது வெளியீடு. ஒரு பாட்டுக்குப் பல பதிவு இருக்கும், ஒரே பதிவு பத்து கேசட்டில் ஏறியிருக்கும். மூன்றையும் ஒரே வரியில் திணித்தால் நோட்டு நாறிப்போகும்.

பாம்பனில் ஒரு விசைப்படகு கைமாறினால் வாங்கியவர் புதுப் பெயிண்ட் அடித்து மகள் பேரை எழுதிவிடுவார், பதிவு எண்தான் இது பழைய படகு என்று காட்டிக்கொடுக்கும். தட்டுக்கு லேபிள்தான் பெயிண்ட். பதிவு எண் எங்கே என்றால், பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் ஒரு வெற்று வளையம் இருக்கிறதே, அங்கே. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். அந்தக் காலத்தில் பாடப்பாட ஒரு ஊசி மெழுகுத் தட்டில் பள்ளம் கீறும். அந்த மெழுகிலேயே பதிவுக்கான எண்ணையும் பொறித்துவிடுவார்கள். மெழுகின் மேல் மின்முலாம் பூசி உலோக அச்சு எடுத்து, சூடான அரக்குக் கலவையை அதில் வைத்து அழுத்தினால் தட்டு ரெடி. பாட்டோடு எண்ணும் ஒவ்வொரு தட்டிலும் விழும். இருபது வருஷம் கழித்து அதே அச்சில் வேறு லேபிள் ஒட்டி விற்றாலும் எண் மாறாது. பல கம்பெனிகளில் அதன் வால் எழுத்தோ இலக்கமோ எத்தனையாவது முறை பாடியது என்பதையும் சொல்லும். நம் இரண்டு தட்டிலும் வால் வேறுவேறு. ஆக, பாட்டு ஒன்று, பதிவு இரண்டு.

கேசட்டில் இப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. உள்தாள் தொலைந்திருக்கும், கடல்காற்றில் நாடாவில் பூஞ்சணம் வேறு. அங்கே ஒலியே கைரேகை: எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று கணினி புள்ளிகளாகக் குறித்து, தெரிந்த பதிவுகளின் புள்ளிகளோடு ஒப்பிடும். இரைச்சலை ஓரளவு தாங்கும். ஆனால் பிளேயரின் பெல்ட் தளர்ந்து வேகம் குறைந்தால் எல்லாப் புள்ளியும் இடம் மாறிவிடும், கணினி கையை விரித்துவிடும். முதலில் பெல்ட்டை மாற்றுங்கள். கைரேகை பொருந்தினாலும் பதிவு எது என்றுதான் தெரியும், எந்த வெளியீடு என்று தெரியாது.

புதுப் பதிவுகளுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இடக் குறியீடு உண்டு, 1986இல் வந்த சர்வதேசத் தரநிலை. அதுவும் பதிவுக்குத்தான், பாட்டுக்கு அல்ல.

அப்புறம் பேர்த் தகராறு. நாகூர் ஹனிபா பிறந்தது இராமநாதபுரத்தில், பேரோடு ஒட்டிக்கொண்டது நாகூர். ஹனிபா, ஹனீபா, ஹனிஃபா, முன்னால் இ.எம். போட்டும் போடாமலும், ஆங்கிலத்தில் எஃப் ஒன்றா இரண்டா என்பது தனிக் கதை. மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற, இசைப்பதிவுகளைப் பட்டியல் போடும் இணையதளங்கள் ஆளுக்கு ஒரு அடையாள எண் கொடுத்துவிட்டு, லேபிளில் இருந்த எழுத்தை அப்படியே தனியாக வைத்துக்கொள்கின்றன. திருத்தி எழுதிவிடாதீர்கள், அந்த எழுத்துப்பிழையே சில சமயம் எந்த அச்சு என்று சொல்லிவிடும்.

ஆர்மோனியத் தட்டு விஷயத்தைக் காக்காவிடம் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானேன்னு இது மாதிரி எத்தனையைத் தூக்கிக் கொடுத்துருக்கேன் தெரியுமா தம்பி" என்றார். மூன்றாவது பெட்டியை இன்னும் திறக்கவில்லை.