துருவத்தின் இருபுறமும் இரண்டு விமான நிலையங்கள்

அலாஸ்காவின் வடகோடியிலுள்ள உட்கியாவிக் நகருக்கும் (2016 வரை அதன் பெயர் பேரோ), நார்வேக்கு உட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியன் நகருக்கும் இடையே நேரடிப் பயணிகள் விமானம் கிடையாது. ஆயினும் வான்வழித் தூரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை விளக்க இவ்விரண்டையும்விடப் பொருத்தமான இணை அரிது.

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஒன்று இடது ஓரத்திலும் மற்றது நடுப்பகுதியிலும் இருக்கும். ஒரே புள்ளியான துருவத்தை அத்தகைய படங்கள் நிலநடுக்கோட்டின் அகலத்துக்கு இழுத்து விரிப்பதால் வரும் மயக்கம் அது. இரு நகரங்களின் தீர்க்கரேகைகளும் ஏறத்தாழ 172 பாகை வேறுபடுகின்றன. அதாவது, துருவத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. உட்கியாவிக் துருவத்திலிருந்து 18.7 பாகையும் லாங்யியர்பியன் 11.8 பாகையும் தள்ளியுள்ளன. கோளத்தின் மேல் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையில் இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 30.4 பாகை. பாகைக்கு 111.2 கி.மீ. என்ற சராசரியைக் கொண்டால் விடை சுமார் 3,380 கி.மீ. ஆனால் துருவத்தருகே பூமி சற்றே தட்டையாக இருப்பதால், செங்குத்துத் திசை ஒரு பாகை சாய்வதற்கு அங்கே கொஞ்சம் அதிகத் தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் திருத்தம் பத்துப் பதினைந்து கி.மீ.யைக் கூட்டுகிறது.

இப்பாதை துருவத்திலிருந்து சுமார் 110 கி.மீ. தொலைவில் கடந்து செல்லும். நேர்வடக்கிலிருந்து 3 பாகை மட்டும் கிழக்கே சாய்ந்து கிளம்பும் விமானம் எந்தப் பக்கமும் திரும்பாமலேயே, ஏறக்குறைய நேர்தெற்கு நோக்கியபடி ஸ்வால்பார்டை அடையும். வடக்கு என்ற சொல்லே வழியில் பொருளிழந்துவிடுவதால், துருவப் பகுதியில் பறக்கும் விமானிகள் படத்தின் மேல் வரைந்த இணைகோட்டுக் கட்டங்களைக் கொண்டு திசையைக் குறிக்கிறார்கள். காந்தமுள்ளும் அங்கே நம்பத்தக்கதன்று.

1928 ஏப்ரலில் ஹியூபர்ட் வில்கின்ஸும் கார்ல் பென் ஐயெல்சனும் ஒற்றை எஞ்சின் லாக்ஹீட் வேகா விமானத்தில் உட்கியாவிக் அருகிலுள்ள பாயிண்ட் பேரோவிலிருந்து ஸ்வால்பார்டின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு, துருவத்தை விலக்கிய பாதையில், 20 மணி 20 நிமிடத்தில் பறந்தனர். காந்தமுள்ளும் சூரியனும்தாம் அவர்களுக்கு வழிகாட்டி என்பதை நினைத்தால், வேகத்தைவிட இலக்கைத் தவறாமல் அடைந்ததே பெரிய சாதனையாகப் படுகிறது.

மணிக்கு 850 கி.மீ. செல்லும் இன்றைய ஜெட் விமானத்துக்கு, காற்றே இல்லையென்றால், 3,390 கி.மீ. என்பது நான்கு மணி நேரம். மேலேறவும் இறங்கவும் ஏறத்தாழ அரை மணி நேரம் கூடும். எதிர்க்காற்று 80 கி.மீ. வேகத்தில் வீசினால் அந்த நான்கு மணி நேரம் 4 மணி 24 நிமிடமாகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 3 மணி 39 நிமிடமாகக் குறையும். போக வர இரண்டையும் கூட்டினால் சுமார் நான்கு நிமிடம் நட்டந்தான், ஏனெனில் எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது.

கடிகாரத்தின் கணக்கோ வேறு. ஸ்வால்பார்ட் அலாஸ்காவைவிட 10 மணி நேரம் முன்னே இருக்கிறது. உட்கியாவிக்கில் காலை 8 மணிக்குக் கிளம்புபவர் இரவு 10.30க்கு லாங்யியர்பியனில் இறங்குவார். அங்கிருந்து காலை 8 மணிக்குத் திரும்புபவரோ, அதே நாள் அதிகாலை 2.30க்கே உட்கியாவிக் வந்து சேர்ந்துவிடுவார்.