காஃபர்டேம்: தமிழில் என்ன சொல்வது?

ஏரியைத் தூர்வார வேண்டும், ஆனால் மொத்தத் தண்ணீரையும் வடிக்க முடியாது என்றால், ஒரு பகுதியை மட்டும் மறித்து, உள்ளே நிற்பதை மோட்டார் வைத்து இறைத்துவிட்டு வண்டலை அள்ளுவார்கள். அப்படி மறிக்கும் தற்காலிகத் தடுப்புதான் காஃபர்டேம். மண்கரை, மணல் மூட்டை, அடித்து இறக்கிய இரும்புத் தகடு, தண்ணீர் நிரப்பிய பெரிய குழாய் எல்லாம் இதில் அடக்கம். மிதவையில் தொங்கவிடும் வண்டல் திரை சேராது. அது கலங்கலைத்தான் தடுக்கும், தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்காது.

காஃபர் என்றால் பெட்டி. கூடையைக் குறிக்கும் கொஃபினோஸ் என்ற கிரேக்கச் சொல், லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இப்படி ஆனது. சவப்பெட்டியைக் குறிக்கும் காஃபினுக்கும் அதே வேர்தான் (கரைக்கு உள்ளே இறங்கி வேலை செய்பவரிடம் இதைச் சொல்ல வேண்டாம்).

தமிழில் பலர் 'தடுப்பணை' என்று எழுதிவிடுகிறார்கள். அது நிலையாக நின்று நீரைத் தேக்குவது, இதுவோ வேலை முடிந்ததும் எடுத்துவிடுவது, ஆகவே பொருந்தாது. அணைக்கட்டைக் குறிக்கும் 'குரம்பு' என்ற பழைய சொல் அழகுதான், ஆனால் இன்று எத்தனை பேருக்குப் புரியும்? நான் 'தற்காலிக மறிப்பணை' என்பேன்.

இதில் 'தற்காலிக' என்பதைக் கேட்டு ஏமாறக் கூடாது. 2 மீட்டர் ஆழத் தண்ணீர், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 2 டன் எடைக்குச் சமமாகத் தள்ளும். ஆழம் 4 மீட்டர் ஆனால் அது 8 டன். தூர்வாரும் இடத்தில் கூடுதல் சிக்கல், எந்தச் சேற்றை அள்ளப் போகிறோமோ அதன் மேலேயே பெரும்பாலும் கரை உட்கார்ந்திருக்கும், பொக்லைன் அதன் அடிவாரம் வரை தோண்டிவிட்டால் பிடிமானம் போய் மொத்தமும் உள்ளே சரியும். கசிவு இருக்கத்தான் செய்யும். தெளிவாக வந்தால் மோட்டார் பார்த்துக்கொள்ளும், ஆனால் கலங்கலாகக் கொப்பளித்து, சுற்றிலும் மணல் வளையமாகக் குவிந்தால் அடிமண் அரிக்கிறது என்று பொருள், உடனே ஆட்களை மேலே ஏற்ற வேண்டும். நீர் நிரப்பிய குழாய் வகையில் கிழிசலும் உருளலும் பயம். திடீர் மழையில் நீர்மட்டம் ஏறி மேலே வழிந்தால் மண்கரை வெகுநேரம் நிற்காது.

அப்புறம், கரையைப் பிரிக்கும்போதும் அவசரம் ஆகாது. உள்ளே மெதுவாகத் தண்ணீர் விட்டு, இரு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாய்ந்து வரும் தண்ணீர் கரை மண்ணையெல்லாம் வாரிய பள்ளத்திலேயே கொட்டிவிடும்.