கட்டிக்குப் பின்னால் தேங்கும் சளி

பெரியப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இன்னும் ஏன் வெட்டி எடுக்கவில்லை?" ஈசூனில் இருக்கும் அத்தை தினமும் போன் போட்டுக் கேட்பார். புற்றுநோய் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் மருத்துவர்கள் மூன்று வாரம் நரம்பு வழியாக ஆண்டிபயாடிக் ஏற்றினார்கள், மூச்சுப்பயிற்சி கொடுத்தார்கள், நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள். கட்டியைத் தொடவே இல்லை. அந்த மூன்று வாரமும் அறுவை சிகிச்சையின் முதல் பகுதி என்பது எனக்குப் புரிய நாளானது. இதே கேள்வியோடு வார்டுக்கு வெளியே இன்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். நாம் உள்ளே இழுக்கும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அந்தச் சளியைத் தொண்டை வரை மேலே தள்ளிவிடும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். கட்டி ஒரு கிளைக்குழாயை அடைத்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் சளிக்கு வெளியே போக வழியில்லை. தேங்கிய தண்ணீரைப் பற்றிச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூச்சட்டித் தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடுவதுபோல, தேங்கிய சளியில் கிருமி பெருகும். முதலில் நிமோனியா வரும். நாளானால் நுரையீரல் திசு அழுகி, நடுவில் சீழ்ப்பை உண்டாகும்.

இங்கேதான் ஒரு சிக்கல் விழுகிறது. சீழ்ப்பையின் உள்ளே ரத்த ஓட்டம் இல்லை. மருந்து ரத்தத்தில்தான் போகிறது. அதனால் ஆண்டிபயாடிக் சுற்றுச்சுவரைத் தாண்டி உள்ளே சரியாகப் போய்ச் சேராது. வெளியே வடியவும் வழியில்லை. கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கலாமா என்றால், அந்த மருந்து கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களைக் குறைக்கும். அடங்கியிருந்த கிருமி ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். தொற்று இருப்பதால் அறுவை சிகிச்சை ஆபத்து. கட்டி இருக்கும்வரை தொற்று முழுதாகத் தீராது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல நாளைத் தேடுவதுதான் அந்த மூன்று வாரக் காத்திருப்பு. காய்ச்சல் இறங்கி, சளி குறைந்து, ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் தணியும்போது அந்த நாள் வரும். வராத சிலருக்கு, மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டு, கட்டியில் கொஞ்சத்தை லேசரால் எரித்து வழி திறந்து, முதலில் சீழை வடியவிடுவார்கள். திடீரென்று ரத்தமாக இருமினால் காத்திருக்க முடியாது, உடனே ஏதாவது செய்தாக வேண்டும்.

பெரியப்பாவுக்கு இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. இளவயதில் அவருக்குக் காசநோய் வந்து குணமாகியிருந்தது. அவர் தலைமுறையில் இது அபூர்வமில்லை. 1844ல் தொடங்கிய டான் டோக் செங் மருத்துவமனை, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெரும்பாலும் காசநோய்க்காரர்களையே பார்த்தது. அந்தத் தழும்பு நுரையீரலில் அப்படியே இருக்கும். எக்ஸ்ரேயில் புதுக்கட்டியும் பழைய தழும்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எது எது என்று சொல்வது கடினம். மெலியோய்டோசிஸ் என்று ஒரு தொற்றும் நம் ஊர் மண்ணிலேயே உண்டு. நீரிழிவு இருப்பவர்களை அது அதிகம் பிடிக்கும், ஸ்கேனில் காசநோய் போலவும் புற்றுநோய் போலவும் தெரியும். நம் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு பரவலோ, அதனால் இந்தப் பெயரை நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பெட் ஸ்கேனும் இங்கே தடுமாறும். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையைச் செலுத்தி, எந்தத் திசு அதை அதிகமாக உறிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் அந்த ஸ்கேன். புற்றுநோய் உயிரணு சர்க்கரையை விழுங்கும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுவும் விழுங்கும். இரண்டும் படத்தில் ஒரே மாதிரி ஒளிரும். மார்பின் நடுவில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் தொற்றினால் வீங்கி ஒளிர்ந்தால், "நோய் பரவிவிட்டது, அறுவை சிகிச்சை பயனில்லை" என்று ஒருவரைத் தவறாக ஒதுக்கிவிடக்கூடும். அதனால்தான் மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டு அந்த முடிச்சிலிருந்து திசு எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவருடைய வாய்ப்பையே அது மாற்றக்கூடும்.

எவ்வளவு வெட்டலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நுரையீரலை 19 கூறுகளாக எண்ணுகிறார்கள், வலது பக்கம் 10, இடது பக்கம் 9. இந்தக் கூறுகள் சில சேர்ந்த பெரிய பகுதிதான் மடல். வலது மேல்மடலை எடுத்தால் 3 கூறுகள் போகும். மிச்சம் இருப்பதை வைத்து அவர் படியேற முடியுமா என்று மூச்சின் பலத்தை அளக்கும் ஊதல் பரிசோதனையின் அளவோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அடைபட்டுச் சீழ் பிடித்த மடல் ஏற்கெனவே வேலை செய்வதில்லை. அதனால் அதை எடுப்பதில் இழப்பு நினைத்ததைவிடக் குறைவு. அதன் வழியாகப் போகும் ரத்தம் ஆக்சிஜன் ஏற்றாமலே திரும்பிக்கொண்டிருந்தது என்பதால், சிலருக்கு எடுத்தபிறகு ஆக்சிஜன் அளவு கூடவும் செய்யும்.

இனி அறுவை அறை. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள், கெட்ட நுரையீரல் மேலே. அப்படியென்றால் சீழ் எங்கே வடியும்? கீழே இருக்கும் நல்ல நுரையீரலுக்குள். இதைத் தடுக்க மயக்க மருத்துவர் இரட்டைக் குழாய் ஒன்றை இறக்குகிறார். ஒரு வழி வலதுக்கு, ஒரு வழி இடதுக்கு, நடுவில் ஊதிய பலூன் அணையாக நிற்கும். அறுவை சிகிச்சை மருத்துவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இந்த அணையைக் கட்டுபவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நல்ல நுரையீரல் மார்புச்சுவரோடு ஒட்டாது. நடுவில் துளி ஈரத்தோடு வழுக்கிக்கொண்டே இருக்கும். நாள்பட்ட தொற்று அந்த இடைவெளியைப் பசை போட்டதுபோல் ஒட்டிவிடுகிறது. பிரிக்கப் பிரிக்க ரத்தம் கசியும், ஏனென்றால் அழற்சி புதுப்புது ரத்தக்குழாய்களை அங்கே வரவழைத்திருக்கும். இதைவிடப் பயமான இடம் நுரையீரலின் காம்பு, அதாவது ரத்தக்குழாய்களும் மூச்சுக்குழாயும் நுரையீரலுக்குள் நுழையும் இடம். பழைய காசநோய் பிடித்த நிணநீர் முடிச்சுகள் சுண்ணாம்பு ஏறிக் கல்லாகி, நுரையீரல் தமனியோடு ஒட்டிக்கிடக்கும். அந்தத் தமனியின் சுவர் மெல்லியது, இதயத்திலிருந்து நேராக வருவது. கல்லைப் பிய்க்கும்போது சுவர் கிழிந்தால் விநாடிகளில் ரத்தம் நிரம்பும். அதனால் எதையும் பிரிக்கும் முன் தமனியின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு நாடா போட்டுவைப்பார்கள். ஏதாவது ஆனால் இழுத்து அடைத்துவிடலாம். நுண்துளை முறையில் தொடங்கி, பாதியில் மார்பைத் திறந்தால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். அது நல்ல தீர்ப்பு.

மடலை எடுத்தபின் அறுத்த மூச்சுக்குழாயின் நுனியை மூடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தொற்று இருந்த இடத்தில் அந்த நுனி சரியாக ஆறாமல் பிய்ந்துகொள்ளலாம். பிய்ந்தால் காற்றும் சீழும் மார்புக்குழிக்குள் கலக்கும். அதற்காக விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசையில் ஒரு பட்டையை, அதன் ரத்தக்குழாயோடு சேர்த்தே உரித்து, அந்த நுனிமேல் போர்த்தித் தைத்துவிடுகிறார்கள். உயிருள்ள தசை ரத்தத்தைக் கொண்டுவரும், ரத்தம் ஆற்றும். சிலருக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத்திரையைக்கூட மேலே இழுத்துக்கொண்டு வருவார்கள்.

இந்த அக்கறைக்கெல்லாம் நீண்ட வரலாறு உண்டு. 1933ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற மருத்துவர் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை ஒரே அறுவையில் வெற்றிகரமாக எடுத்தார். வெற்றிடத்தில் சீழ் தேங்கக் கூடாதென்று விலா எலும்புகளில் சிலவற்றையும் எடுத்து, மார்புச்சுவரை உள்ளே சரியவிட்டார். நோயாளியும் ஒரு மருத்துவர்தான். அவர் 1963 வரை வாழ்ந்தார். கிரஹாமோ 1957ல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார்.

பெரியப்பாவுக்கு வலது மேல்மடலை எடுத்தார்கள். மறுநாளே உட்காரவைத்தார்கள், அப்புறம் நடக்கவைத்தார்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் சளி மறுபடி தேங்கும் என்பதால், மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை மணிக்கொருமுறை உறிஞ்சச் சொன்னார்கள். கட்டிலுக்குக் கீழே தண்ணீர்ப் பெட்டி. மார்பிலிருந்து வரும் குழாய் அதில் முடிந்தது. அவர் இருமும்போதெல்லாம் அதில் குமிழி வரும். ஒட்டியிருந்த நுரையீரலைப் பிரித்த இடங்களிலிருந்து காற்று கசிகிறது என்று அதற்கு அர்த்தம். நாங்கள் அவர் முகத்தைவிட அந்தப் பெட்டியைத்தான் அதிகம் பார்த்தோம். ஒன்பதாம் நாள் காலை தாதி வந்து இருமச் சொன்னார். குமிழி இல்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இருமச் சொன்னார். பெரியப்பா தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினார். தண்ணீர் அசையாமல் இருந்தது.