ஒத்ததிர்வு: பேட்டரி செல்லைத் தட்டினால் தெரியும் சொல்

மண்பானை வாங்கும்போது விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போம். 'ணங்' என்றால் எடுத்துக்கொள்வோம். 'டப்' என்றால் எங்கோ விரிசல். லித்தியம் அயனி செல்லையும் ஆய்வகத்தில் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறார்கள். செல்லை மெத்தென்ற நுரைப்பஞ்சில் வைத்து, முடுக்கத்தை அளக்கும் குட்டி உணரியைத் துளி மெழுகால் ஒட்டி, சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். திரையில் ஓடும் கோடு ஓரிடத்தில் சட்டென்று முகடாக எழும்பும். அந்த இடம்தான் செல்லின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்ற கணக்கு. வண்டியின் குலுக்கலும் அதே அதிர்வெண்ணில் வந்து சேர்ந்தால், சிறு குலுக்கலே பெரிய ஆட்டமாகிவிடும். இதைத்தான் ரெசனன்ஸ் என்கிறோம்.

லத்தீனில் 'ரெ' என்றால் மீண்டும், 'சொனாரே' என்றால் ஒலித்தல். மீண்டு ஒலிப்பது என்பதே மூலப்பொருள். ஒலிக்குப் பிறந்த சொல், பிறகு பாலம், கட்டடம், மின்சுற்று என்று எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. 'ஒத்திசைவு' என்பதைப் பலரும் எழுதுகிறார்கள். பேட்டரி விஷயத்தில் அது வேண்டாம் என்பேன். இசைந்து போவது நல்லதுதானே என்று வாசிப்பவர் எண்ணிவிடுவார். இலங்கைப் பாடநூல்களில் 'பரிவு' என்று வரும். ஒரு தந்தியை மீட்டினால் தொடாத தந்தியும் சேர்ந்து துடிக்கிறதே, அதற்கு இதைவிட அழகான பெயர் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குப் பரிவு என்றால் இரக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்லான 'ஒத்ததிர்வு' இங்கே கச்சிதம். ஒத்து அதிர்வது, பிரித்தாலே பொருள் தெரிகிறது. 'அதிர்வு' பழைய சொல்லும்கூட: 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்கிறது தொல்காப்பிய உரியியல்.

சரி, செல்லுக்குள் நடுங்க என்ன இருக்கிறது? 18650 வகைச் செல்லை எடுத்துக்கொள்வோம். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். உள்ளே மின்முனைத் தகடுகளும் பிரிப்புப் படலமும் பாய் போல் இறுகச் சுருட்டியிருக்கும். சுருளிலிருந்து மின்னோட்டத்தை வெளியே கொண்டுவருவது மெல்லிய உலோகப் பட்டை. அதன் பற்றவைப்புப் புள்ளிதான் அதிர்வுக்குப் பயப்பட வேண்டிய இடம். மீண்டும் மீண்டும் வளைந்தால் உலோகம் களைத்து விரிசல் விடும்.

லித்தியம் பேட்டரிகளை ஏற்றியனுப்ப ஐ.நா. 38.3 விதியில் தேற வேண்டும். அதன் மூன்றாம் சோதனை அதிர்வு. 7 ஹெர்ட்ஸில் தொடங்கி 200 வரை ஏறி மறுபடி 7-க்கு இறங்க 15 நிமிடம். இப்படி 12 சுற்று, அதாவது 3 மணி நேரம்; அப்புறம் செல்லைத் திருப்பி வைத்து மற்ற இரு திசைகளிலும் அதே போல. ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல் ஏறி இறங்குவதால், அந்த எல்லைக்குள் ஒத்ததிர்வு எங்கே ஒளிந்திருந்தாலும் குலுக்கல் அதைத் தொட்டுவிடும். கசிவு, வெடிப்பு, தீ எதுவும் கூடாது. மின்னேற்றிய செல்லின் மின்னழுத்தம் முன்பிருந்ததில் 90 சதவீதத்துக்குக் கீழே போகவும் கூடாது.

எழுதும்போது ஒரு சின்னச் சிக்கல் வரும். 'ஒத்ததிர்வு அதிர்வெண்' என்றால் அதிர்வு இருமுறை வந்து நாக்கு தடுக்குகிறது. நான் 'ஒத்ததிர்வெண்' என்றே எழுதுகிறேன்: "குலுக்கிய பின் செல்லின் ஒத்ததிர்வெண் குறைந்திருக்கிறது, உள்ளே ஏதோ தளர்ந்திருக்கலாம், பிரித்துப் பார்க்கவும்."