படம் கிடக்கட்டும், பேச்சு கேட்கிறதா?

சென்ற வாரம், ஒலிப்பதிவைச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் இன்னுமொரு பென் டிரைவ் வந்தது. மறைந்த தத்துவப் பேராசிரியர் ஒருவர் நட்பைப் பற்றிப் பேசிய கடைசிக் கூட்டம். 4கே படம், சட்டைப் பொத்தான்கூடப் பளிச்சென்று தெரிகிறது. மின்விசிறிச் சத்தமும், பின்வரிசையில் யாரோ சாப்பாடு எப்போது என்று விசாரிப்பதும் துல்லியம். பேச்சுதான் புரியவில்லை. "சாஃப்ட்வேரில் சரிசெய்துவிடலாம்தானே சார்?" என்கிறார்கள்.

முடியாது. எத்தனை முறை சொன்னாலும் இந்த நம்பிக்கை மட்டும் சாகமாட்டேன் என்கிறது. மின்விசிறி போன்ற சீரான இரைச்சலை மென்பொருள் ஓரளவு குறைக்கும். ஆனால் கடைசி வரிசைச் செல்போனில் விழுவதில் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பிய எதிரொலி. தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) தேய்ந்துவிடும். எதிரொலியோ மண்டபம் முழுக்க ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதற்குள் கரைந்துபோன சொல்லை எங்கிருந்து பிரித்தெடுப்பது? செயற்கை நுண்ணறிவுக் கருவி சில நேரம் தானாக எதையாவது ஊகித்து நிரப்பும். நட்பைப் பற்றியோ மரணத்தைப் பற்றியோ ஒருவர் ஆயுள் முழுக்க யோசித்துச் சொன்னதை இயந்திரம் ஊகித்தால் போதுமா உங்களுக்கு?

தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பதிவுகளைப் பாருங்கள். 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பேராசிரியர் ஆலன் ஆண்டர்சனுடன் நடத்திய 18 உரையாடல்களில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். இன்றைய செல்போன் படத்தின் கூர்மை அதில் கிடையாது. ஆனாலும் ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது. சென்னை வசந்த விஹாரில் 1986 ஜனவரி 4 அன்று அவர் தம் கடைசிப் பொதுப்பேச்சை நிகழ்த்தினார்; பிப்ரவரி 17இல் அமெரிக்காவின் ஓஹாயில் காலமானார். 'அடுத்த கூட்டத்தில் ஒழுங்காக எடுத்துக்கொள்ளலாம்' என்பவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் படிக்கவும்.

இன்னொரு கொடுமை, பேச்சாளரின் மௌனத்தை வெட்டுவது, அல்லது இசை போட்டு நிரப்புவது. தன் நண்பனின் சாவைச் சொல்லிவிட்டு ஒருவர் பேசாமல் இருந்தால், அந்த இடத்தில் வீணையிசை எதற்கு?

செய்ய வேண்டியவை அதிகமில்லை. காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். மேல்துண்டு உரசாமல் குத்துங்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் மிக்ஸரிலிருந்து (மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் கருவி) ஒரு நேரடி இணைப்புக் கேளுங்கள். நன்றாகப் பேசினால் தருவார். பதிவாவதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருங்கள், பேச்சு முடியும்வரை கழற்றாதீர்கள். கேள்வி கேட்பவருக்கும் மைக் வேண்டும். கேட்கும்போது அவர் உடைந்து அழுதால், தயவுசெய்து கேமராவை அவர் பக்கம் திருப்பாதீர்கள். அந்தப் பகுதியை வெளியிடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். அதன் பிறகு மெமரி கார்டை அழிக்கலாம். வீட்டில் பழைய கேசட் இருந்து அதில் பூஞ்சை பூத்திருந்தால், பிளேயரில் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். டேப்பும் கெடும், பிளேயரும் கெடும். அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள்.